கூரையில் ஒரு கறை

தாப்பாவில் பஸ் ஏறும்போது வெயில் சுட்டெரித்தது. லாத்தா இஸ்கண்டார் அருவியைக் கடந்ததும் ஜன்னல் கண்ணாடியை மூடிக்கொண்டேன். வளைந்து வளைந்து ஏறும் இந்த மலைச்சாலை 1931-இல் முடிந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1929-இல், ரிங்லெட்டுக்குப் பக்கத்தில் ஹாபுவில் ‘போ’ தேயிலைத் தோட்டம் பிறந்துவிட்டது. காட்டை வெட்டிக் கன்று நட்டவர்களில் நம்மவர்கள் எத்தனையோ பேர். இன்று கொழுந்து வெட்டுபவர்களில் பலர் வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள். ஆனாலும் கோயில் மணி ஓசையும், லயத்து வாசலில் கோலமும் இன்னும் மறையவில்லை.

ரிங்லெட்டில் இறங்கியதும் கண்ணில் படுபவை பழைய லேண்ட் ரோவர்கள்தாம். கோஸும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு மண் பாதைகளில் முனகிக்கொண்டே ஏறுகின்றன. இங்கிலாந்தில் போருக்குப் பின் எஃகுத் தட்டுப்பாடு இருந்த நேரம். அதனால் 1948-இல் வந்த இந்த வண்டிக்கு அலுமினியக் கலவைத் தகட்டில் உடம்பு செய்தார்கள். மழைக்கும் பனிக்கும் அது தாங்குகிறது.

நான் பார்க்கப் போனது லேண்ட் ரோவரை அல்ல. அதே 1948-இல் வெளிவந்த மோரிஸ் மைனர் வகைக் கார் ஒன்றை. தோட்டத்து லாரி ஓட்டி ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவருடையது. ஒரு காலத்தில் தோட்டத்து டிரெசர் வைத்திருந்த கார். அவரிடமிருந்து இவர் வாங்கினார். தானா ராத்தா ஆஸ்பத்திரியில் பிறந்த மகளை வீட்டுக்குக் கொண்டு வந்தது இதில்தான். அந்த மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். பெண்ணைக் கோயிலுக்கு இந்தக் காரில்தான் அழைத்துப் போக வேண்டும் என்பது அண்ணனின் ஆசை.

“உள்ளே ஏறி மேலே பாருங்க தம்பி” என்றார்.

பின் இருக்கைக்கு நேர் மேலே, மணப்பெண் தலை வரும் இடத்தில், தட்டளவு பெரிய பழுப்புக் கறை. அதன் ஓரத்தில் வளையம் வளையமாகக் கோடுகள்.

“போன வருசம்தான் ஒரு குஷன் கடையில் துணி முழுசும் மாத்தினேன். ரெண்டு மாசத்தில் பழையபடி ஆயிருச்சு. இப்போ மறுபடியும் மாத்தச் சொல்றாங்க.”

“கல்யாணச் செலவே தலைக்கு மேல நிக்குது. காருக்கு எத்தனை தடவைதான் சேலை கட்டுறது?” என்றார் அண்ணி.

மோரிஸ் மைனரின் உள்கூரைத் துணி ஒட்டப்பட்டதல்ல, தொங்குவது. துணியின் மேல்பக்கம் நீளமான உறைகள் தைத்திருப்பார்கள். அவற்றுக்குள் வளைந்த எஃகுக் கம்பிகள் போகும். கம்பியின் இரு நுனிகளும் கதவுகளுக்கு மேலே பொருந்தும். துணியின் ஓரங்களை மட்டும் பசையால் ஒட்டுவார்கள். கூரைத் தகட்டுக்கும் துணிக்கும் நடுவே வெற்றிடம் இருக்கும். அதனால் தண்ணீர் ஓரிடத்தில் புகுந்து வேறிடத்தில் சொட்டும்.

கறை பின்னால் இருந்ததால் கடைக்காரர் பின் கண்ணாடி ரப்பரை மாற்றியிருந்தார். ஆனால் அண்ணன் வீடு மேட்டில் இருக்கிறது. கார் எப்போதும் மூக்கை மேலே தூக்கித்தான் நிற்கும். அப்படியானால் முன்பக்கம் புகும் நீரும் தகட்டின் அடியில் ஓடிப் பின்னால்தானே வரும்?

இருவரும் கூரையின் முன்பகுதியைத் தடவிப் பார்த்தோம். நடுவில் ஒரு சின்ன மேடு கையில் தட்டுப்பட்டது.

“டிரெசர் காலத்தில் அங்கே ரேடியோ ஏரியல் இருந்துச்சு” என்றார் அண்ணன். ஏரியலை எடுத்தவர்கள் துளையைப் பட்டியால் அடைத்துச் சாயம் பூசியிருந்தார்கள். அந்தப் பட்டியில் தலைமயிர் அளவு வெடிப்பு.

அதன் மேல் தண்ணீர் புகாத டேப்பை ஒட்டினோம். கேமரன் மலையில் மழைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அன்றிரவே கொட்டித் தீர்த்தது. காலையில் அண்ணன் கறையில் கையை வைத்துப் பார்த்தார். ஈரம் இல்லை. அதற்கு அடுத்த மழைக்கும் இல்லை.

பட்டியைச் சுரண்டி, துருவைத் தேய்த்து, துருத்தடுப்புச் சாயம் பூசி, ரப்பர் அடைப்பான் வைத்துப் பசையால் மூடினோம். பிறகுதான் துணிக்கு வந்தோம். முதலில் மெல்லிய பிரஷால் தூசி தட்டினோம். சவர்க்காரத்தின் நுரையை மட்டும் எடுத்து, நன்றாகப் பிழிந்த துணியால் ஒற்றினோம். தேய்க்கவில்லை. கறையை மட்டும் துடைத்தால் புது வளையம் விழும். ஆகையால் ஒரு தையலிலிருந்து மறு தையல் வரை முழுதும் துடைத்தோம். துணியை ஊற வைத்தால் கம்பி துருப்பிடித்துப் பழுப்புக் கோடு விழும். கிளோராக்ஸ் தொடவே கூடாது. அது நூலை அரித்துவிடும். பூஞ்சணம் இருந்தால் நீர் கலந்த வெள்ளை வினிகரை மறைவான மூலையில் சோதித்துவிட்டு ஒற்றலாம். கடைசியில் கதவுகளைத் திறந்து வைத்து வெயிலில் காய விட்டோம்.

துணி கிழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். அப்போது கம்பிகளை வரிசைப்படி எண் போட்டுக் கழற்ற வேண்டும். ஒவ்வொன்றின் வளைவும் வேறு. பிந்தைய காலக் கார்களில் அட்டை மேல் பஞ்சுத் துணியை ஒட்டியிருப்பார்கள். வெப்பத்திலும் ஈரத்திலும் அந்தப் பஞ்சு பொடியாகித் துணி தொங்கிவிடும். அதற்குப் பழைய பஞ்சை முழுதும் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டுவதே வழி.

கறை முற்றிலும் போகவில்லை. பால் விட்ட தேநீர் போல வெளிறி நின்றது. “அந்த இடத்தில் பூச்சரம் தொங்கவிட்டால் ஆச்சு” என்று அண்ணி சிரித்தார்.

லயத்து வீட்டில் தகரக் கூரையின் ஆணித் துளையை அடைக்காமல், கீழே சீலிங்குக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. கறை குற்றவாளி அல்ல, சாட்சி. சாட்சியை அழிப்பதற்கு முன்னால் அது சொல்வதைக் கேட்டுவிட வேண்டும்.

கல்யாணத்தன்றும் மழைதான். கோயில் வாசலில் பெண்ணை இறக்கிவிட்டு, அண்ணன் மறுபடியும் காருக்குள் தலையை விட்டு மேலே தடவிப் பார்த்தார். திரும்பி வந்து என்னிடம் உலர்ந்த உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.