எல்லைப்புறத்தின் சட்டம்

நம் இல்லத்துப் பிள்ளைகள் சிலர் விடுமுறை நாட்களில் மேசையைச் சுற்றி அமர்ந்து, பல முகங்கள் கொண்ட பகடைகளை உருட்டி ஓர் ஆட்டம் ஆடுகின்றனர். ஒருவர் கதை சொல்ல, ஏனையோர் வீரராகவும் மந்திரவாதியாகவும் கள்வராகவும் வேடம் ஏற்கின்றனர். 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ இவ்வகை ஆட்டங்களுள் மூத்தது. இக்கதைகளிலே அடிக்கடி வருவது ஓர் எல்லைப்புற நாடு. அங்கே சட்டம் இல்லை, கொள்ளையே வாழ்க்கை. ‘இப்படி ஒரு நாடு உண்மையில் இருந்ததா?’ எனப் பிள்ளைகள் கேட்டால் நாம் அமெரிக்காவின் மேற்குப் புறத்தைக் காட்டிவிடுகிறோம். அத்துணைத் தொலைவு செல்வானேன்? சேலத்துக்குச் செல்ல நாம் ஏறும் பேருந்து அத்தகைய நாட்டின் ஊடேதான் ஓடுகிறது.

நாம் குடியேறி வாழும் இந்நகரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். பெங்களூர் என்னும் பெயர் நாம் அறிந்தவரை முதன்முதலில் காணப்படுவது பேகூர் நாகேசுவரர் கோயிலில் உள்ள கல்வெட்டிலே. கங்கர் காலத்தது, ஏறத்தாழ கி.பி. 890. அது கோயில் எழுப்பிய செய்தியன்று, சந்தை கூடிய செய்தியுமன்று. பெங்களூர்ச் சண்டையில் ஒருவர் மாண்ட செய்தி!

ஒசூரைக் கடந்து கிருஷ்ணகிரி, தருமபுரி, செங்கம் என்று செல்லச் செல்ல இத்தகைய நடுகற்கள் பெருகுகின்றன. 1972இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை ‘செங்கம் நடுகற்கள்’ என்றே ஒரு நூல் வெளியிட்டது. பெரும்பாலானவை மாடு பிடிக்க வந்தவரோடும், பிடித்துச் சென்றவரோடும் பொருது பட்டவர்க்கு நட்டவை. பல்லவர், கங்கர், பாணர், நுளம்பர் எனப் பலருடைய ஆணைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த மண் அது. அரசன் இல்லாத நாடு அன்று; அரசர் மிகுந்த நாடு. இறை கொள்ள நால்வர் இருந்தனர். இரவில் மந்தையைக் காக்கவோ ஊரார்தாம் எழ வேண்டியிருந்தது.

செங்கத்தை அடுத்த எடுத்தனூர்க் கல் நம் உள்ளத்தை விட்டு அகலாதது. மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில், எருமை மந்தையின் பொருட்டுக் கருந்தேவக்கத்தி என்பான் உயிர் விட்டான். கோவிவன் என்னும் அவனுடைய நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதாம். அந்நாயையும் கல்லிலே செதுக்கிப் பெயரும் பொறித்தனர். பல்லவப் பேரரசன் ஆண்டுக் கணக்குக்கு மட்டும் வருகிறான். கல்லில் நிற்பது நாய்!

இங்கே சட்டமே இல்லை என்பார்க்கு என் சொல்வது? ஆநிரை கவர்வோர் வெட்சிப்பூச் சூடுவர், மீட்போர் கரந்தை சூடுவர் என நம் இலக்கணநூலார் இச்சண்டைக்கும் முறை வகுத்தனர். பட்டவன் குடும்பத்துக்கு நிலம் அளித்தனர். கன்னடத்தார் அதனை ‘நெத்தரு கொடகி’ என்றனர். தமிழர் ‘உதிரப்பட்டி’ என்றனர். நெத்தரு என்பது வேறொன்றுமன்று, குருதியைக் குறிக்கும் நம் பழஞ்சொல்லாகிய ‘நெய்த்தோர்’ என்பதன் உடன்பிறப்பே. எல்லைக்கு இப்புறமும் அப்புறமும் ஒரே வழக்கம், ஏறக்குறைய ஒரே சொல்.

பிற்காலத்திலும் இம்முறை வேறு வடிவிலே தொடர்ந்தது. மதுரைப் பக்கத்துச் சிற்றூர்களில் காவற்காரருக்கு ஊரார் கூலி அளந்தனர். களவு போனால் பொருளை மீட்பதோ ஈடு செய்வதோ அவர் கடமை. களவுபோன மாடு எங்கே என்று துப்புச் சொல்லி மீட்டுத் தருபவருக்குத் ‘துப்புக்கூலி’ உண்டு. இதில் கொடுமை இல்லை என்று நாம் சொல்லோம். கூலி தர மறுத்த ஊருக்குக் களவே மறுமொழியாக வந்ததும் உண்டு. ஆயினும் அது ஒழுங்கின்மை அன்று. ஆங்கிலேயர் ஏட்டில் எழுதப்படாத ஓர் ஒழுங்கு.

அவ்வொழுங்கைக் கண்ட ஆட்சியாளர் என் செய்தனர்? 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் இயற்றினர். 1911இல் அதனைச் சென்னை மாகாணத்துக்கும் விரித்தனர். பிறப்பாலேயே ஒரு குடி முழுவதும் குற்றவாளி! கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நடந்தது, பலர் மாண்டனர். 1952இல்தான் அச்சட்டம் இந்திய அளவில் நீங்கியது. பட்டியலில் இருந்தோர் வழிவந்தவர் நம் அண்டை வீட்டிலும் இருக்கலாம், நம்முள்ளும் இருக்கலாம்.

பிள்ளைகளின் ஆட்டத்தில் ‘பிறவியிலேயே தீயோர்’ என்றொரு கூட்டம் வருவதுண்டு. அவர்களை விசாரணையின்றி வெட்டலாமாம். பகடையை உருட்டுமுன், அவ்வாறு முடிவு கட்டியவர் யார், எல்லையின் எப்புறம் நின்று கட்டினார் என்று பிள்ளைகளையே கேட்டுப் பார்க்கிறோம். ஆட்டம் நின்றுவிடுவதில்லை, சில வேளைகளில் முன்னினும் சுவைப்படுகிறது.

பேகூர் நம் நகர எல்லைக்குள்ளேயே உள்ளது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்று திரும்பலாம். கல்வெட்டு பழங்கன்னடத்தில் உள்ளதால் அண்டை வீட்டுக் கன்னட அன்பர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்க. அவருக்கும் அவ்வெழுத்து விளங்காமற் போகலாம். இருப்பினும் பேச்சுத் துணைக்கு ஆகும்.