அகரம்தென்னில் ஒரு படகின் தேக்கு

தாம்பரம் கிழக்கில் ஒரு பட்டறையில் படகு வேலை நடக்கிறது என்று நண்பர் சொன்னபோது நான் நம்பவில்லை. கேம்ப் ரோடு சந்திப்பிலிருந்து எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினாலும் கடலைப் பார்க்கப் பதினைந்து கிலோமீட்டராவது ஓட்டியாக வேண்டும். நண்பர் பழைய மரச்சாமான் பித்து கொண்டவர். வெள்ளிக்கிழமை ஆனால் பல்லாவரம் சந்தையில்தான் இருப்பார். அங்கே வாங்கிய தேக்குக் கதவு ஒன்றை ஈ.சி.ஆர். வீட்டு வாசலில் மாட்டினார். ஒரே மழைக்காலத்தில் பாலிஷ் அப்பளமாகப் பொரிந்து உரிந்துவிட்டது. அதைச் சரிசெய்ய ஆள் தேடியபோதுதான் இந்த மேஸ்திரி கிடைத்தார். "வந்து பாருங்க, எழுதறதுக்கு விஷயம் இருக்கு" என்றார். போனேன்.

சேலையூர் தாண்டி அகரம்தென் போகும் வழியில், ஒரு செங்கல் கடைக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. சுவர் நெடுகக் கதவுகள் சாய்ந்து நிற்கின்றன. இடித்த வீடுகளின் நிலைகள், தாழ்ப்பாள் பிடுங்கிய இரட்டைக் கதவுகள், பித்தளைக் குமிழ் போய் ஓட்டை மட்டும் மிஞ்சியவை. நடுவே இரண்டு மரக்குதிரைகள் மேல் நான் பார்க்க வந்த சாமான்கள். கோவளம் பக்கம் வீடு வைத்திருக்கும் ஒருவரின் பாய்மரப் படகு. உடம்பு முழுக்க ஃபைபர், வெளியே தெரியும் மரம் மட்டும் தேக்கு. சுக்கான் பிடி, கைப்பிடிச் சட்டங்கள், தளத்து மூடி, உட்காரும் பலகைகள். படகை அங்கேயே விட்டுவிட்டு இவற்றை மட்டும் கழற்றிக் குட்டி யானையில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள்.

பலகைகள் வெள்ளிச் சாம்பலாக நரைத்திருந்தன. சுக்கான் பிடியில் பழைய வார்னிஷ் பாதி மினுங்கியது, பாதி மஞ்சள் செதிலாகத் தூக்கிக்கொண்டு நின்றது. பலகைதான் மோசமாகக் கெட்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. மேஸ்திரி நேர்மாறாகச் சொன்னார்.

"நரைச்சது நல்லா இருக்கு சார். ஒரு தேய் தேய்ச்சா உள்ள புதுசு. இந்த மினுக்குறான் பாருங்க, இவன்தான் பேஷண்ட்டு."

தேக்கின் வயிரத்தில் அதற்கே உரிய எண்ணெயும் கரையானுக்குப் பிடிக்காத டெக்டோகுவினோன் என்ற வேதிப்பொருளும் உண்டு. வெறுமனே வெயிலில் போட்டால் மேல்தோல் மட்டும் வெளுக்கும். உள்மரம் அப்படியே நிற்கும். பூச்சு போட்டால்தான் கதை மாறுகிறது. நிறமில்லாத பூச்சு வழியே புற ஊதாக் கதிர் புகுந்து, மரநாரைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னினைச் சிதைக்கிறது. பிடிமானம் போன பூச்சு மரத்தை விட்டு எழும்புகிறது. ஒரு கீறல் விழுந்தால் போதும், தண்ணீர் உள்ளே போகும். போனது வெளியே வர வழி இல்லை. அங்கே பூஞ்சை பிடித்து மரம் கறுக்கிறது. வெளிவாசல் மரத்தைக் கெடுப்பதில் மழைக்குப் பங்கு குறைவு, கவனிக்காமல் விட்ட பளபளப்புக்குத்தான் பங்கு அதிகம்.

செதிலை எடுக்க அவரிடம் மெஷின் இருக்கிறது. ஆனால் கையில் எடுத்தது உள்ளங்கை அகலத்தில் ஒரு இரும்புத் தகடு. உடைந்த ரம்பத்திலிருந்து வெட்டியது. அரத்தால் விளிம்பை நேராக்கி, உளியின் முதுகால் அழுத்தி ஒரு இழுப்பு இழுக்கிறார். விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறு மடிகிறது. விரலை வைத்துப் பார்த்தால்தான் உறைக்கும். இரண்டு கட்டைவிரல்களாலும் தகட்டை லேசாக வளைத்து, முன்னோக்கிச் சாய்த்துத் தள்ளுகிறார். வார்னிஷ் தூளாக வரவில்லை, வெங்காயத் தோல் மாதிரி சுருண்டு வந்தது. அதற்குப் பின்னால் தேன் நிறத்தில் மரம். புதிதாகச் சீவிய தேக்குக்கே உரிய பதனிட்ட தோலின் வாசனை கொட்டகை முழுக்கப் பரவியது. தேக்கில் சிலிக்கா இருப்பதால் எந்தக் கூரும் அதில் சீக்கிரம் மழுங்கும்; பத்து இழுப்புக்கு ஒருமுறை தகட்டைத் தீட்டுகிறார். "மெஷின் போட்டா வேகம் சார். ஆனா மொட்டு எங்க, மேடு எங்கன்னு அதுக்குத் தெரியாது. பட்டம் பட்டமா பள்ளம் பறிச்சுடும்." தகடு எட்டாத மூலைகளுக்கு உடைந்த கண்ணாடிச் சில்லு.

பலகைகளில் கறுப்பு வட்டங்கள் இருந்தன. யாரோ பித்தளைத் திருகாணிக்குப் பதில் இரும்பைப் போட்டிருக்கிறார்கள். உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடித்து, அந்தத் துரு மரத்தின் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்தால் மைக்கறையாகிவிடும். ஆக்சாலிக் ஆசிட்டை வெந்நீரில் கரைத்துத் தடவினார். கொஞ்ச நேரத்தில் கறை வெளிறியது. நன்றாகக் கழுவிவிட்டுக் காய வைத்தார். திருகாணித் தலைகளை மூட அதே தேக்கில் சின்னச் சின்ன வட்ட ஆப்புகள் செய்து வைத்திருந்தார். ஒவ்வொன்றையும் பலகையின் ரேகையும் ஆப்பின் ரேகையும் ஒரே திசையில் ஓடும்படி திருப்பி அடிக்கிறார். பிறகு உளியால் ஒரே வெட்டில் மட்டமாக்குவதில்லை. முதலில் கொஞ்சம் மேலே விட்டு ஒரு வெட்டு. பிளவு எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பார்க்கிறார். எதிர்ப்பக்கம் திரும்பி அடுத்த வெட்டு. அவசரப்பட்டால் ஆப்பு பாதியில் பிளந்து குழிக்குள் இறங்கிவிடும்.

கப்பலுக்கும் தேக்குக்கும் உள்ள உறவு பழையது. இங்கிலாந்தில் ஓக் மரம் போதாமல் போனபோது, 1817ல் பம்பாயில் வாடியா குடும்பத்தின் தச்சர்கள் மலபார் தேக்கில் கட்டிய 'டிரிங்கோமாலி' போர்க்கப்பல் இன்றும் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. கப்பல் மரத்துக்காகவே 1840களில் கலெக்டர் கனோலி நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட்டார். உலகத்தின் முதல் தேக்குத் தோட்டம் என்று அதைச் சொல்கிறார்கள். நம் ஆனைமலையிலும் மலைமேலிருந்து தேக்கு மரங்களைச் சரித்துவிட்ட இடம்தான் டாப் ஸ்லிப். பிறகு பர்மா தேக்கு வந்து செட்டிநாட்டு வீடுகளின் தூணாகவும் நிலையாகவும் நின்றது. 2014ல் மியான்மர் உருண்டை மர ஏற்றுமதியை நிறுத்தியதும், இடித்த வீட்டுக் கதவுக்கெல்லாம் திடீர் மவுசு. இன்று கடையில் தேக்கு என்று விற்பதில் கானாவிலிருந்தும் தென்னமெரிக்காவிலிருந்தும் வரும் இளமரம் நிறைய. அதில் வெள்ளைப் பகுதி அதிகம், வயிரம் குறைவு. பழைய மரத்தின் வயிரத்தை இனி யாரும் விளைவித்துக் கொடுக்க முடியாது. இருப்பதைக் காப்பாற்றத்தான் முடியும்.

மேஸ்திரி கடலூர்க்காரர். அப்பா லாஞ்சு கட்டியவர். இலுப்பை, வேம்பு, வாகை என்று எந்த மரம் எந்த வளைவுக்கு என்பது வீட்டில் புழங்கிய பேச்சு. "பத்து வயசுல பலகை இடுக்குல பஞ்சு திணிச்சிட்டு இருந்தேன் சார்." 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் கரை நெடுக வந்து இறங்கின. வள்ளல்கள் நல்லெண்ணத்தில்தான் கொடுத்தார்கள். மீனவனுக்கும் எடை குறைவு, பராமரிப்பு குறைவு. ஆனால் மரவேலைக்காரன் ஒருவன் வேலையில்லாமல் நிற்பான் என்பது எந்த நிவாரணப் பட்டியலிலும் இல்லை. ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிக் கொடுத்துவிட்டுத் துபாய் போனார். பணக்காரர்களின் உல்லாசப் படகுகளைப் பழுதுபார்க்கும் ஒரு பட்டறை. அங்கே பிலிப்பைன்ஸ்காரர் ஒருவரிடம்தான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டதாகச் சொன்னார். "அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இங்கிலீஷ் தெரியாது. கையப் பாத்துதான் கத்துக்கிட்டேன். தளத்துத் தேக்க ரேகை வாக்குல தேச்சேன்னு ஒருநாள் பிரஷ்ஷ புடுங்கி எறிஞ்சாரு." ரேகை வாக்கில் தேய்த்தால் மென்மையான நார் அரிபட்டு வாய்க்கால் விழும், குறுக்கேதான் தேய்க்க வேண்டும். அம்மா படுக்கையில் விழுந்ததும் திரும்பி வந்தார். கடலூரில் மரப்படகு வேலை இல்லை. மைத்துனர் தாம்பரத்தில் இருந்தார். கதவு பாலிஷுக்கு வந்து சேர்ந்தார்.

பூச்சு வேலைக்கு மறுநாள் காலை வரச் சொன்னார். எண்பதாம் நம்பர் உப்புத்தாளில் தொடங்கி நூற்றிருபது, நூற்றெண்பது, இருநூற்றிருபது என்று ஏறுகிறது. அந்த நேரத்தில் நான் டீ குடிக்கப் போய்விட்டேன். வாசகருக்கும் அது வேண்டாம். திரும்பியபோது தின்னர் நனைத்த துணியால் மரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். தேக்கின் எண்ணெய் மேலே கசிந்திருந்தால் வார்னிஷ் ஒட்டாது, துடைத்த கையோடு பூச வேண்டும். முதல் கோட்டில் வார்னிஷில் சரிபாதி தின்னர். தண்ணீர் மாதிரி ஓடி மரத்துக்குள் இறங்குகிறது. அடுத்தடுத்த கோட்டில் தின்னர் குறையும். ஒவ்வொன்றும் காய்ந்தபின் முந்நூற்றிருபதாம் நம்பர் தாளில் ஒரு தடவல். மொத்தம் ஏழு கோட்டு. வெளிமரத்துக்கு அரக்குப் பாலிஷ் ஆகாது, தண்ணீர் பட்டால் வெளுக்கும். வீட்டுக்குள் போடும் மெலமைன் விறைத்துக்கொள்ளும். வெயிலில் மரம் விரிந்து சுருங்கும்போது அது வெடிக்கும். படகு வார்னிஷுக்கு இழுபடும் குணம் வேண்டும். நண்பரின் கதவுக்கு முன்பு என்ன பூசியிருந்தார்கள் என்று கேட்டேன். சிரித்தார். கதவைக் கவிழ்த்து அடிவிளிம்பைக் காட்டினார். தரையை ஒட்டிய அந்த விளிம்பில் ஒரு சொட்டுப் பாலிஷ் இல்லை. நாரின் வாய் திறந்திருக்கும் இடம் அதுதான். மழைத்தண்ணீர் அந்த வழியாக ஏறி, முகத்துப் பூச்சை உள்ளிருந்து தள்ளியிருக்கிறது.

அடிவிளிம்பு ஏன் விட்டுப்போனது? நிற்கவைத்தே பூசினால் கதவுக்கு அரைநாள் மிச்சம். அந்த அரைநாள் யாருக்கு லாபம் என்பதில்தான் இந்தத் தொழிலின் பொருளாதாரம் முழுவதும் இருக்கிறது. இடிக்கிற வீட்டில் கதவை மொத்தமாக ஒரு விலை பேசித் தூக்கிக்கொண்டு வருகிறார் ஒருவர். இன்னொருவர் அதை ஈ.சி.ஆர். கடையில் மஞ்சள் விளக்குக்குக் கீழே நிறுத்துகிறார். மூன்றாமவர் இன்டீரியர் காண்ட்ராக்டர். வீட்டுக்காரரிடம் சதுர அடிக்கு ஒரு கணக்கு, மேஸ்திரியிடம் நாள்கூலிக்கு வேறு கணக்கு. மேஸ்திரியின் நாள்கூலி நான்கு இலக்கத்தைத் தொட்டுவிட்டாலே "பாலிஷ்காரன் எல்லாம் ரேட் ஏத்திட்டான்" என்று புலம்பல். ஏழு கோட்டுக்குப் பணம் வாங்கி மூன்று கோட்டில் முடிக்கச் சொல்வது காண்ட்ராக்டர். உரிந்ததும் வாட்ஸ்அப்பில் படம் வந்து திட்டு விழுவது மேஸ்திரிக்கு. இடையில் ஒரு தலைமுறை மரத்தைத் தொட்டுப் பார்க்காமலே அதில் சம்பாதித்துவிட்டது. மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995லேயே வகைப்படுத்திவிட்டது. இந்தக் கொட்டகையில் வேலைசெய்யும் மூன்று இளைஞர்களும் மூக்கில் கட்டியிருந்தது கைக்குட்டை. முகக்கவசத்துக்கு எந்தக் கொட்டேஷனிலும் ஒரு வரி இல்லை.

முட்டுக்காடு தட்சிணசித்ராவில் இடிபடவிருந்த பழைய வீடுகளைப் பிரித்துவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று அந்த நிலைக்கதவுகளைத் தொட்டுப் பார்க்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் மரவேலையை அருங்காட்சியகத்துக்குப் போய் ரசிக்கும் ஊர், தன் வாசல் கதவைத் துடைக்க ஆண்டுக்கு ஒரு நாள்கூலி கொடுக்க யோசிக்கிறது.

படகுக்காரர் மட்டும் விவரமானவர். காண்ட்ராக்டர் இல்லாமல் நேராக வந்தார். ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன்னால் லேசாகத் தேய்த்து இரண்டு கோட்டு போட்டுத்தர இப்போதே பேசி முடித்துவிட்டார். அப்படிச் செய்தால் மறுபடி அடிமரம் வரை சுரண்டும் வேலையே வராது. அவருக்குச் செலவு குறைவு, மேஸ்திரிக்கு நிலையான வேலை. சுரண்டச் சுரண்டக் குறைவது மரம்தானே!

நண்பரின் கதவு அடுத்த வாரம் தயாராகிவிடும். கிளம்பும்போது மேஸ்திரி என்னிடம் சொல்லி அனுப்பியது இதுதான்: "ஏசிக்கு ஏ.எம்.சி. போடுறாங்க, லிஃப்டுக்குப் போடுறாங்க. கதவுக்கும் ஒண்ணு போடச் சொல்லுங்க சார். காண்ட்ராக்டர்கிட்ட இல்ல, எங்கிட்ட."