ஓட்டோவுக்குக் கொடுத்த காசு

எங்கட வேகன் ஆர் கராஜுக்குப் போய் இன்றோடு 43 நாள். யாருக்கும் காயமில்லை, அல்ஹம்துலில்லாஹ். பம்பரும் வலது பக்க ஹெட்லைட்டும்தான். கராஜில் கேட்டால் இன்ஷூரன்ஸ் அப்ரூவல் வரவில்லையாம். இன்ஷூரன்ஸில் கேட்டால் கராஜ் இன்னும் படம் அனுப்பவில்லையாம்.

கல்முனையிலிருந்து சம்மாந்துறைப் பாடசாலைக்கு இரண்டு பேரும் ஓட்டோவில் போய்வர நாளுக்கு 1,400 ரூபாய். 29 பாடசாலை நாளுக்கு 40,600. "ஹயர் காசு உங்கட பொலிசியில இல்ல சேர்" என்றார்கள். எடுத்துப் பார்த்தோம், உண்மைதான். அதற்குத் தனியாகக் கட்டியிருக்க வேண்டும்.

பெரிய அடி வேறு. 2020 இல் வாகன இறக்குமதி நின்றபிறகு பழைய கார்களின் விலை எகிறியது. நாங்களோ பிரீமியம் மிச்சமென்று பழைய பெறுமதிக்கே வருடாவருடம் புதுப்பித்தோம். இப்போது சந்தை விலையில் எத்தனை பங்குக்குக் காப்புறுதி செய்தோமோ, ரிப்பேர் செலவிலும் அத்தனை பங்குதான் தருவார்களாம். விகிதசமம் படிப்பிக்கிற ஆக்கள் நாங்கள்!

பெறுமதி விசயம் எங்கட பிழை. தாமதம் எங்கட பிழையில்லை. கராஜுக்கும் கம்பெனிக்கும் பேசிய திகதிகளை எழுதி, நேற்றுப் பதிவுத் தபாலில் முறைப்பாடு அனுப்பினோம். பதில் சரியில்லையென்றால் அடுத்தது காப்புறுதி ஒம்புட்ஸ்மன்.

உங்கட பொலிசியை இன்றிரவே எடுத்துப் பாருங்கள். நாளைக்கும் ஏழு மணிக்கு ஓட்டோத் தம்பி வருவார்.