டிரா கேட்ட பெண்

எதிர்த்தரப்பே ஒப்புக்கொண்ட ஒரு மனுவை நான் தள்ளுபடி செய்தது ஒரே ஒரு முறைதான், அதுவும் நீதிமன்றத்தில் இல்லை. சென்னையில் ஒரு கல்யாண மண்டபத்தில் அமெச்சூர்களுக்கான செஸ் போட்டி நடந்தது. வக்கீல், கொஞ்சம் ஆடவும் தெரியும் என்பதற்காக மேல்முறையீட்டுக் குழுவின் மூவரில் ஒருவனாக என் பெயரையும் போட்டிருந்தார்கள். பொதுவாக அந்தக் குழுவுக்கு டீ குடிப்பதைத் தவிர வேறு வேலை இருக்காது.

மனுதாரர் எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண். எதிரே மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். ஆட்டம் கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தது. இருவருக்கும் ராஜாவும் ஒரு யானையும் மிச்சம். பெரியவரிடம் மட்டும் கூடுதலாக நடுப்பத்தியில் ஒரு சிப்பாய். அந்தப் பெண் தன் யானையை ஒரே வரிசையில் இப்படியும் அப்படியும் நகர்த்திக் காத்துக்கொண்டிருந்தாள். ஒரே நிலை மூன்றாம் முறையாகப் பலகையில் வந்ததும், கடிகாரத்தை அழுத்திவிட்டுக் கையைத் தூக்கி டிரா கேட்டாள். நடுவர் மறுத்துவிட்டார். ஆட்டம் தொடர்ந்தது, அவள் தோற்றாள். அப்பா கட்டணம் கட்டி முறையீடு செய்தார்.

உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படி, ஒரு நிலை மூன்றாம் முறை வந்ததாலேயே ஆட்டம் டிரா ஆகிவிடாது. நகர்த்தும் முறை யாருடையதோ அவர் கேட்க வேண்டும். தன்னுடைய நகர்த்தலால்தான் அந்த நிலை வரப்போகிறது என்றால், காயைத் தொடாமல், அந்த நகர்த்தலை ஸ்கோர் ஷீட்டில் எழுதி, நடுவரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். காயைத் தொட்டுவிட்டால் அந்த நகர்த்தலுக்கு அந்த உரிமை போயிற்று. இதில் ஒரு விசித்திரம் உண்டு. மற்ற நேரங்களில் நகர்த்துவதற்கு முன்பே எழுதி வைப்பது குற்றம். ஆடிவிட்டு எழுது என்றுதான் பிள்ளைகளுக்குப் பயிற்சி. டிரா கேட்கும்போது மட்டும் எழுதிவிட்டு ஆடாமல் இருக்க வேண்டும். நல்ல பழக்கமே அவளைக் காட்டிக்கொடுத்தது.

அப்பாவின் வாதம் எளிமையானது, பலமானதும்கூட. இரண்டு ஸ்கோர் ஷீட்டுகளிலும் நிலை மூன்று முறை பதிவாகியிருக்கிறது. பெரியவரைக் கேட்டோம். "வந்தது நிஜம்தான் சார்," என்றார். ஒப்புக்கொண்ட உண்மைக்கு மேல் சாட்சியம் எதற்கு? மேலும், விதிகளின் முன்னுரையிலேயே நியாயத்தையும் தர்க்கத்தையும் பார்த்துத் தீர்வு காணும் சுதந்திரம் நடுவருக்கு வேண்டும் என்று சொல்லியிருப்பதை அவர் அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தார். என்னிடம் வரும் ஜூனியர்களில் பலர் இவ்வளவு தயாரிப்போடு வருவதில்லை.

ஆனால் விதி பேசாத இடத்தில்தான் முன்னுரை பேச முடியும். இங்கே விதி தெளிவாகவே பேசுகிறது. ஐந்து முறை வந்தால் யாரும் கேட்காமலே ஆட்டம் டிரா. அதற்கு முன் நடுவர் வாய் திறக்கக் கூடாது, ஆட்டக்காரர்தான் திறக்க வேண்டும். 1971-இல் புவெனஸ் அயர்ஸில் பெட்ரோசியனோடு ஆடிய மூன்றாம் ஆட்டத்தில் ஃபிஷர் இதே விதியைக் கொண்டுதான் டிரா பெற்றார். முன்னாள் உலக சாம்பியனான பெட்ரோசியனே கவனிக்கத் தவறியது அது. உரிய நேரத்தில் கேட்டவருக்கே கிடைக்கும் என்ற இந்த ஏற்பாடு எனக்குப் புதிதல்ல. காலவரையறைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவுப்படி, எதிராளி ஆட்சேபிக்காவிட்டாலும் காலம் கடந்த வழக்கை நீதிமன்றம் தள்ளியே ஆக வேண்டும். கடன் உண்மையாகவே நிலுவையில் இருந்தும் வெறுங்கையோடு திரும்பிய கட்சிக்காரர்களை நான் படியிறக்கி அனுப்பியிருக்கிறேன். மூவரும் ஒருமனதாக மறுத்தோம். கட்டணத்தைத் திருப்பித் தருவது மட்டும் எங்கள் விருப்பத்தில் இருந்தது, தந்தோம்.

வழக்கு அதோடு முடிந்தது என்று கிளம்பியபோது, பெரியவர் அவளை உட்காரவைத்து ஆட்டத்தை மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தார். நானும் நின்றேன். அப்போதுதான் முறையீட்டில் யாருமே பார்க்காத ஒன்று தெரிந்தது: அவளுக்கு அந்த விதியே தேவைப்பட்டிருக்கவில்லை. தன் பக்கமிருந்து மூன்றாம் வரிசையில் யானையை நிறுத்தி எதிரி ராஜாவை முன்னேற விடாமல் தடுப்பது பிரெஞ்சு ஆட்டக்காரர் ஃபிலிடோர் 1777-லேயே விளக்கிவிட்ட தற்காப்பு. அதைத்தான் அவள் ஆடிக்கொண்டிருந்தாள். சிப்பாய் அந்த வரிசைக்கு ஏறியதும் யானையைப் பலகையின் மறுகோடிக்கு இறக்கிப் பின்னாலிருந்து செக் கொடுத்துக்கொண்டே இருந்தால் போதும். ராஜா ஒதுங்க இடமில்லை, ஆட்டம் டிரா. அவளோ நடுவர் மறுத்த கலக்கத்தில் யானையைத் தன் ராஜாவின் வரிசைக்கே பின்வாங்கிக் கொண்டுவந்துவிட்டாள். நடுச் சிப்பாய்க்கு எதிராக அப்படி முடங்கினால் தோல்விதான். இடைக்கால மனு தள்ளுபடியானதும் மூல வழக்கே போய்விட்டதாக நினைத்துச் சாட்சிக்கூண்டில் சோர்ந்துபோகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அப்பீலில் நாங்கள் வாதாடுவதும் பெரும்பாலும் அந்த மனுவைப் பற்றித்தான்.

"இத்தனை நேரம் நகர்த்தாத சிப்பாயை அப்ப ஏன் அங்கிள் தள்ளினீங்க?" என்று கேட்டாள்.

"நீ கேட்டதாலதான் பாப்பா. அடுத்த தடவை சரியா எழுதிக் காட்டிக் கேட்டுடுவியேன்னு பயம். சிப்பாய் நகர்ந்தா பழைய நிலை திரும்ப வராது, எண்ணிக்கை புதுசா ஆரம்பிக்கும். ஆனா தள்ளினப்ப எனக்கும் இந்த செக் கண்ணுல படல."

அவள் தன் ஸ்கோர் ஷீட்டைத் திருப்பி, அவர் சொன்ன நகர்த்தல்களை எழுதிக்கொள்ள ஆரம்பித்தாள். அப்பா பக்கத்து மேசையில் இன்னமும் அந்த முன்னுரையைப் படித்துக்கொண்டிருந்தார்.