முதலில் காது

மாசித் திருவிழாவில் திண்டுக்கல் கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் உறுமி முழங்கும்போது, ‘இந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம்?’ என்று யாரும் கேட்பதில்லை. வளைந்த குச்சி தோலில் அழுந்தித் தேய்கிறது. அடிவயிற்றிலிருந்து வருவதுபோல ஒரு முனகல் எழுகிறது. மறுமுகத்தில் விழும் அடி அந்த முனகலை வெட்டி வெட்டி விடுகிறது. அருள் வந்து ஆடுபவருக்கு அது அம்மனின் அழைப்பு. தலைமுறை தலைமுறையாகக் காப்புக் கட்டி, தீச்சட்டி ஏந்திக் கேட்டவர்கள் அந்த ஒலிமேல் ஏற்றிவைத்த அர்த்தம் அது.

பரிசோதனை இசைக்கு அப்படியொரு வழக்கத்தின் துணை கிடையாது. அதனால்தான் கேட்டவுடன் குறியீடு தேடத் தொடங்குகிறோம். இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1946–48இல் எழுதிய ‘சொனாட்டாஸ் அண்ட் இன்டர்லூட்ஸ்’ படைப்பை நாகல்நகர் நண்பருக்குப் போட்டுக் காட்டினேன். பியானோ தந்திகளுக்கிடையே திருகாணி, போல்ட், ரப்பர் துண்டுகளைச் செருகி வாசிப்பது. ஒரு கட்டையை அழுத்தினால் மணி ஒலிக்கும். அடுத்தது மரத்தைத் தட்டியதுபோல மழுங்கிப் போகும். இரண்டு நிமிடம் ஆகவில்லை. “அண்ணே, அந்த போல்ட்டு எதுக்குக் குறியீடு? இயந்திர யுகத்துக்கா?” என்றார். பாட்டென்றால் வரிகளும் சினிமாவென்றால் காட்சியும் அர்த்தத்தைக் கையில் கொடுத்துவிடும் நாட்டில் அது நியாயமான கேள்விதான்.

அந்தப் படைப்பிலுள்ள 20 பகுதிகளையும் நம் ரசக் கோட்பாட்டின் ஒன்பது சுவைகளை மனத்தில் வைத்துத்தான் கேஜ் எழுதினார். எந்தப் பகுதி எந்தச் சுவை என்று மட்டும் அவர் சொல்லவில்லை. இது வீரம், இது சோகம் என்று பட்டியல் போட உட்கார்ந்தால், போட்டு முடிப்பதற்குள் ஒலி நம்மைக் கடந்து போய்விடும்.

நம் ஊர் இசையிலும் இப்படித்தான். இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ (1986) தியாகராஜருக்கும் மேலை இசை மேதை பாஹுக்கும் காணிக்கையாக வந்த தொகுப்பு. அதில் ‘ஐ மெட் பாஹ் இன் மை ஹவுஸ்’ என்ற பகுதியில், பாஹ் தனி வயலினுக்கு எழுதிய இசை ஓடிக்கொண்டிருக்க, ராஜாவின் இசை வரிகள் அதனுடன் சேர்கின்றன. ‘கிழக்கு மேற்குச் சங்கமம்’ என்று ஒரே வரியில் அதற்குப் பொருள் சொல்லிவிடலாம். ஆனால் ராஜாவின் இசை வரி எங்கே நுழைகிறது, எங்கே ஒதுங்கி பாஹுக்கு வழிவிடுகிறது என்று கவனித்தவருக்குத்தான் அந்தச் சந்திப்பு காதில் விழும்.

அர்த்தமே தேடக் கூடாது என்று நான் சொல்லவரவில்லை. கேட்டபின் மனசில் எழுவதெல்லாம் கேட்பவரின் உரிமை. இசையமைப்பாளரிடம்கூட அதற்கு ஒப்புதல் வாங்க வேண்டியதில்லை. கண்டுபிடித்த அர்த்தத்தை ஒரு சோதனைக்கு மட்டும் உட்படுத்துவேன். அது மறுபடி கேட்கத் தூண்டி, முதல்முறை தவறவிட்ட ஓர் ஒலியைக் காட்டிக் கொடுத்தால் வைத்துக்கொள்ளலாம். ‘புரிந்துவிட்டது, போதும்’ என்று இசையை நிறுத்த வைத்தால், அந்த அர்த்தத்தைக் கைவிட்டுவிட்டு இசையைக் கேட்பதே மேல்.