பொன்மலை குக்கரில் ஹவாய் பன்றிக்கறி

ஹவாய் தீவுகளில் 'கலுவா பிக்' என்று ஒரு சமையல். குழி வெட்டி, விறகு எரித்து, கற்களைப் பழுக்கக் காய்ச்சுவார்கள். அதன்மேல் நசுக்கிய வாழைமரத்தைப் பரப்பி, முழுப் பன்றியை வைத்து, இலைகளால் போர்த்தி, மண்ணைப் போட்டு மூடிவிடுவார்கள். இந்த அடுப்புக்கு 'இமு' என்று பெயர். பல மணி நேரம் கழித்துத் திறந்தால், கறி எலும்பைவிட்டு நூல் நூலாகக் கழன்றுவரும். மசாலா? உப்பு மட்டும்தான்!

அந்த 'நூல் நூலாக' என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. பொன்மலையில் என் தோழியின் பாட்டிக்கு 84 வயது. ஆங்கிலோ இந்தியக் குடும்பம். 1920-களின் இறுதியில் ரயில்வே பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்தபோது, கூடவே வந்தவர்கள். பாட்டியை எல்லோரும் 'நானா' என்றுதான் கூப்பிடுவோம். கிறிஸ்துமஸ் என்றால் நானா கையால் பன்றிக்கறி விண்டலூ உண்டு. ஆனால், பல் செட் ஒத்துவராமல், கடந்த இரண்டு வருடங்களாக அவர் செய்ததை அவரே சாப்பிடவில்லை. குழம்பில் ரொட்டியைத் தொட்டுக்கொண்டு எழுந்துவிடுவார்.

என் வீட்டில் செய்துகொண்டுபோக முடியாது. ஸ்ரீரங்கத்தில் மாடி போர்ஷனில் இருக்கிறேன். அட்வான்ஸ் கொடுக்கும்போதே, முட்டைகூடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஒப்புக்கொண்டுதான் குடிவந்தேன். அதனால் சமையல் பொன்மலையில். வாழை இலையும் மட்டையும் மட்டும் ஸ்ரீரங்கத்திலிருந்து. "என்னம்மா விசேஷம்?" என்று கேட்டார் இலைக்கடை அக்கா. "பாட்டிக்கு விருந்து" என்றேன். பொய் இல்லையே!

எதை, யார், எங்கே சாப்பிடலாம் என்ற கட்டுப்பாடு ஹவாயிலும் இருந்திருக்கிறது. அங்கே ஒரு காலத்தில் பெண்கள் பன்றிக்கறி தொடக் கூடாது. தேங்காய் கூடாது, பெரும்பாலான வாழைப்பழ வகைகளும் கூடாது. ஆண்களோடு உட்கார்ந்து சாப்பிடவும் கூடாது. மீறினால் மரண தண்டனைகூட உண்டு. 1819-ல் இளம் மன்னர் இரண்டாம் கமேஹமேஹா பெண்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். அதோடு அந்தச் சட்டம் முடிந்தது. ஒரு வேளைச் சாப்பாட்டில் ஒரு சட்டம் போனதைப் படித்தபோது, கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

இன்னொரு ஆச்சர்யம், விறகு. இமுவில் எரிக்கும் 'கியாவே' மரம், நம் சீமைக்கருவேலத்துக்கு நெருங்கிய சொந்தம். 1828-ல் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் ஹோனலூலுவில் நட்டு வளர்த்ததாம். இரண்டுக்குமே பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். நாம் திட்டிக்கொண்டே வெட்டும் மரத்தில், அவர்கள் விருந்து சமைக்கிறார்கள். தெருமுனை இஸ்திரி வண்டி அண்ணனிடம் நான்கு கரித்துண்டு கேட்டேன். "கருவேலங்கரிதான், எடுத்துக்கோம்மா" என்றார்.

குழி வெட்ட இடமில்லாத ஹவாய்க்காரர்கள், பாட்டிலில் வரும் திரவப் புகையை ஊற்றி அடுப்பிலேயே செய்கிறார்களாம். நமக்குக் கரி போதும்.

கொழுப்போடு கூடிய முன்னந்தொடைக் கறி 1 கிலோ, நான்கு பெரிய துண்டுகளாக. கொழுப்பை எடுக்கச் சொல்லாதீர்கள், ருசியே அதில்தான். 1 டேபிள்ஸ்பூன் கல் உப்பை இடித்துத் தடவி, அரை மணி நேரம் ஊறவிடவும். தணலில் வாட்டிய இலையில் இரண்டு சுற்று சுற்றி, வாழைநாரால் கட்டவும். 5 லிட்டர் குக்கரின் அடியில் வாழை மட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, 2 டம்ளர் தண்ணீர் ஊற்றி, பொட்டலத்தை மேலே வைக்கவும். முதல் விசிலுக்குப் பிறகு, தீயை நன்றாகக் குறைத்து ஒன்றேகால் மணி நேரம். அவசரப்பட்டால் கறி வெந்திருக்கும், ஆனால் பிரியாது. தசையைப் பிடித்திருக்கும் சவ்வு கரைவதற்குத்தான் இவ்வளவு நேரம்.

பிரஷர் தானாக அடங்கியதும், கறியை அகலமான பாத்திரத்துக்கு மாற்றி, இரண்டு முள்கரண்டிகளால் பிரித்துவிடவும். நடுவில் ஒரு சில்வர் கிண்ணம், அதில் சிவக்கப் பழுத்த கரி. குக்கரில் மிதக்கும் கொழுப்பில் ஒரு ஸ்பூன் எடுத்து அதன்மேல் விட்டு, சட்டென்று மூடவும். பத்து நிமிடங்கள். ஜன்னல்கள் திறந்திருக்கட்டும்!

நானா தட்டைப் பார்த்துவிட்டு, "வாட் சைல்ட், மிளகாயே இல்லையா?" என்றார். ஒரு வாய் எடுத்தார். மெல்லவே இல்லை, நாக்கிலேயே கரைந்திருக்க வேண்டும். பிறகு எதுவும் பேசவில்லை. சோறு போட்டுக்கொண்டார், இரண்டாவது முறையும் கறி கேட்டார். நடுவில் எழுந்துபோய் வினிகர் பாட்டிலையும் மிளகுத்தூளையும் எடுத்துவந்து, தன் பங்கில் மட்டும் கலந்துகொண்டார். தோழி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

இரவு ஸ்ரீரங்கம் திரும்பும்போது துப்பட்டா முழுக்கப் புகை வாசனை. மாடிப்படியில் எதிர்ப்பட்ட ஹவுஸ் ஓனர் மாமி, "என்ன, எங்கேயாவது ஹோமத்துக்குப் போயிட்டு வர்றியா?" என்று கேட்டார்.

"பாட்டியைப் பார்க்கப் போயிருந்தேன் மாமி" என்றேன்.