கை அழுத்தம்

ஞாயிற்றுக்கிழமைகளில் பிறருடைய கார்களைத் தேய்ப்பவன் நான். மற்ற ஆறு நாட்களும் பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் உதிரிபாகம் செய்யும் ஆலையொன்றில் தரச் சோதனை வேலை. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் சான்ட்ரோ வெளிவந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை திறக்கப்பட்டது. இந்தப் பக்கத்தில் காரைப் பற்றித் தெரியாதவர் இன்று குறைவு. சொந்தமாகக் கார் வைத்திருப்பவரும் குறைவுதான். அந்தச் சிலரே என் வாடிக்கையாளர்கள். போர்வெல் தண்ணீரின் உப்புக்கறை, கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி, அந்தப் புழுதியை உலர்ந்த துணியால் துடைக்கும் நம்மவர் பழக்கம் ஆகிய மூன்றும் என் உபரி வருமானத்தின் ஊற்றுக்கண்கள்.

மெருகேற்றுதல் என்ற சொல்லில் ஒரு பிழை இருப்பதாக நெடுநாளாக எனக்கொரு எண்ணம். எதுவும் ஏறுவதில்லை, குறையத்தான் செய்கிறது. இன்றைய கார்களில் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் எனும் நிறமற்ற பூச்சு உண்டு. அதன் கனம் பெரும்பாலும் 40, 50 மைக்ரான், தலைமயிரைவிட மெல்லியது. அதில் கீறல் விழுந்தால் பள்ளத்தை நாம் நிரப்புவதில்லை. சுற்றியுள்ள மேட்டைப் பள்ளத்தின் அடிவரை சீவித் தள்ளுகிறோம். ஒவ்வொரு பாலிஷும் ஆலை போட்டுக் கொடுத்த முதலிலிருந்து எடுத்துச் செலவழிப்பதே. (வட்டி கிடையாது.) பளபளப்பைக் கண்டு பூரித்துப்போகும் உரிமையாளரிடம் இதைச் சொன்னால் தொழில் நடக்காது என்பதால் சொல்வதில்லை.

என் பழைய மெஷின் ரோட்டரி வகை, கிரைண்டரின் பங்காளி. தட்டு ஒரே மையத்தில், நிமிடத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் சுற்றுகள் சுற்றும். வெட்டு வேகமானது, சூடும் ஓரிடத்தில் குவியும். விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பூச்சு மெலிந்திருப்பது வழக்கம். அங்கே ஒரு கணம் கூடுதலாக நின்றால் போயிற்று. ஆறு வருடங்கள் அதைப் பிடித்ததில் தோளிலும் மணிக்கட்டிலும் ஏதோவொரு ஞானம் சேர்ந்துவிட்டதாக நம்பிக்கொண்டிருந்தேன். சத்தத்தை வைத்தே சூட்டைச் சொல்லிவிடுவேன் என்று பெருமையடித்ததும் உண்டு.

சென்ற தை மாதம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் கருநீலக் கார் வந்தது. மகள் திருமணத்துக்கு நான்கு நாட்கள் இருந்தன. பானெட்டின் இடது விளிம்பில் ஒரு கீறல். மெஷினைச் சற்றே சாய்த்து அழுத்தினேன். கிளியர் கோட் தேயும்வரை பேடில் காம்பவுண்டின் வெளுத்த குழம்புதான் ஒட்டும். அன்று வெள்ளைக் கம்பளிப் பேடில் நீலம் தெரிந்தது. நிறுத்திய பின்னும் அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். விளிம்பில் மூன்று விரல் அகலத்துக்கு நிறம் மங்கி, சாம்பல் பூத்தாற்போல் கிடந்தது.

ஆசிரியர் வந்து குனிந்து பார்த்தார். "விடுங்க தம்பி. கல்யாணத்துக்கு வர்றவங்க பொண்ணு மாப்பிள்ளையைப் பார்ப்பாங்களா, பானெட்டைப் பார்ப்பாங்களா?" என்றார். திட்டியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். பெயின்ட் பட்டறையில் என் செலவில் பானெட் முழுவதையும் மறுபடி அடித்துக் கொடுத்தேன். நான்கு ஞாயிறுகளின் சம்பாத்தியம் அதில் போயிற்று. திருமணத்துக்கும் போனேன், வாசலில் நின்ற காரைப் பார்க்காமல் சுற்றிக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

புதிய மெஷின் வாங்கியது அதன் பிறகுதான். டூயல் ஆக்‌ஷன் என்பார்கள். தட்டு தன்னைத்தானே சுற்றிக்கொண்டே, மையம் விலகிச் சிறு வட்டமும் போடும். என்னுடையதில் அந்த வட்டத்தின் விட்டம் 21 மி.மீ.; இத்தாலியின் ரூபெஸ் நிறுவனம் பிரபலமாக்கிய அளவு. நான் வாங்கியது அதற்கு ஒன்றுவிட்ட, வசதி குறைந்த தம்பி. அதற்கே சீட்டுப் பணம் 18,000 ரூபாய் ஆயிற்று. "இதுவும் அதே மாதிரிதானேங்க சுத்துது?" என்று மனைவி கேட்டாள்.

அதே மாதிரி சுற்றவில்லை என்பதுதான் சிக்கல். முதல் ஞாயிறு, என் சொந்தப் பழைய காரில், வழக்கம்போல் அழுத்தினேன். மெஷின் அதிர்ந்தது, உறுமியது, கீறல் அப்படியே இருந்தது. இதில் தட்டின் தற்சுழற்சியை மோட்டார் நேரடியாகத் திருப்புவதில்லை. அது தளர்வாக விடப்பட்டது. அழுத்தம் கூடினால் நின்றுவிடும், வெறும் நடுக்கம்தான் மிஞ்சும். தொழிலில் உள்ளவர்கள் தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கருப்புக் கோடு போட்டுவைப்பார்கள். கோடு சுற்றினால் வேலை நடக்கிறது. நின்றால் அழுத்துகிறோம் என்று அர்த்தம். என் கோடு பெரும்பாலும் நின்றுகொண்டிருந்தது. ஆறு வருடம் சேர்த்த கை ஞானம் எனக்கே குறுக்கே நின்றது. மெஷினின் பாரமே போதும், நான் வழிகாட்டினால் மட்டும் போதும் என்று கைக்குப் புரியவைக்க இரண்டு மாதங்கள் பிடித்தன. இன்னும் முழுதாகப் புரிந்தபாடில்லை.

பழையதை விற்கவில்லை. ஆழமான கீறலுக்கு இன்றும் அதன் வேகம் வேண்டியிருக்கிறது. ஆயுத பூஜையன்று இரண்டுக்கும் சந்தனம் வைத்தேன்.

போன வாரம் ஆசிரியர் மறுபடி காரைக் கொண்டுவந்தார். மகள் தலைப் பிரசவத்துக்கு வந்திருக்கிறாளாம். எதையும் ஞாபகப்படுத்தாமல் சாவியை நீட்டினார். பானெட்டின் விளிம்பு முழுக்க டேப் ஒட்டினேன். அவர் நிழலில் நாற்காலி போட்டுக்கொண்டு பேப்பரைப் பிரித்தார். மெஷினை வைத்தபோது காரைப் பார்க்கவில்லை. கோடு சுற்றுகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன்.